பி.எஃப். நம்பர் தொலைஞ்சா பென்ஷனும் தொலைஞ்சதா?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல நிறையப் பேர் கேட்டிருந்தது ஒரே விஷயம்தான்: "அம்மா பட்டாசு கம்பெனியில வேலை பார்த்தாங்க, பி.எஃப். பிடிச்சாங்களாம், நம்பர் தெரியல. ஊர்ல ஒருத்தர் எடுத்துத் தர்றேன்னு கமிஷன் கேக்குறார், கொடுக்கலாமா?" இன்னைக்கு முழுக்க அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

எனக்குச் சொந்த ஊர் சிவகாசி பக்கத்துல எம். புதுப்பட்டி. எங்க பக்கம் பட்டாசு கம்பெனின்னு யாரும் சொல்லமாட்டாங்க, 'பயர் ஆபீஸ்'னுதான் சொல்வாங்க. காலையில வேன் வரும், தூக்குச்சட்டியோட ஏறிப் போவாங்க. வேலைக்கு உருப்படிக் கணக்குல கூலி. ஒரு ஆபீஸ்ல நாலு வருஷம், அங்க வேலை குறைஞ்சா பக்கத்து ஆபீஸ்ல ஏழு வருஷம், நடுவுல கல்யாணம், பிரசவம், திரும்ப வேற ஆபீஸ். இப்படி முப்பது வருஷம் உழைச்சவங்க கிட்ட "உங்களுக்குப் பென்ஷன் வருமா?"ன்னு கேட்டா, "எங்கப்பா, அதெல்லாம் கவர்மெண்ட் வேலைக்குத்தான்"னு பதில் வரும்.

அந்தப் பதில் பாதிப் பேருக்காவது தப்பா இருக்க வாய்ப்பு இருக்கு. ஏன்னு சொல்றேன்.

ரெண்டு பெட்டி இருக்கு

பி.எஃப்.னு நாம ஒரே வார்த்தையில சொல்றோம். உள்ளே ரெண்டு பெட்டி இருக்கு. தொழிலாளி சம்பளத்துல 12 சதவீதம் பிடிப்பாங்க, அது முழுக்க முதல் பெட்டிக்குப் போகும். அதுதான் சேமிப்பு, வட்டியோட திரும்ப வரும். முதலாளியும் 12 சதவீதம் போடணும். அதுல 8.33 சதவீதம் ரெண்டாவது பெட்டிக்குப் போகும். அதுதான் பென்ஷன். 1995 நவம்பர் 16-ல ஆரம்பிச்ச திட்டம், அதனால ஈ.பி.எஸ். 95னு பேரு.

முதல் பெட்டியில இருக்குறது பணம். ரெண்டாவது பெட்டியைப் பணம்னு நினைக்காதீங்க, வருஷம்னு நினைங்க. மொத்தம் 10 வருஷ சர்வீஸ் இருந்தா 58 வயசுல இருந்து மாசாமாசம் பென்ஷன். 10 வருஷத்துக்குக் குறைவா இருந்தா பென்ஷன் கிடையாது, மொத்தமா ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிடுவாங்க.

இந்த 10 வருஷம் ஒரே கம்பெனியில இருக்கணும்னு எங்கயும் சொல்லல. இங்க நாலு, அங்க ஏழுன்னு கூட்டினாலும் செல்லும். ஆனா கூட்டணும்னா ரெண்டு நம்பரும் கையில இருக்கணும். அதனால தொலைஞ்ச நம்பர்ல எவ்வளவு பணம் இருக்குங்கிறதை விட, எத்தனை வருஷம் இருக்குங்கிறது பெரிய கேள்வி.

அத்தையோட கணக்கு

எங்க அத்தை கதையைச் சொன்னா புரியும். அத்தை மூணு இடத்துல வேலை பார்த்தவங்க. முதல்ல ஒரு தீப்பெட்டி ஆபீஸ். அப்புறம் 2006-லேருந்து 2013 வரை ஒரு பயர் ஆபீஸ். 2014-லேருந்து 2018 வரை இன்னொரு பயர் ஆபீஸ். 2018 அக்டோபர் 23-ல உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை போட்டது ஞாபகம் இருக்கும். அதுக்கு அடுத்து சிவகாசி சுத்துவட்டாரத்துல ஆபீஸ்களை மாசக்கணக்குல பூட்டி வச்சாங்க. அத்தை அதோட வீட்டுல உக்காந்தவங்கதான்.

2023-ல அத்தைக்கு 60 வயசு. அப்பதான் ஒரு ஏஜெண்ட் வந்தார். கடைசி ஆபீஸோட நாலு வருஷம் மட்டும் யு.ஏ.என்.ல தெரியுது, பி.எஃப்., பென்ஷன் ரெண்டையும் மொத்தமா எடுத்துத் தர்றேன், வர்ற தொகையில கால்வாசி எனக்குன்னார். அத்தை "சரிப்பா"ன்னு தலையாட்டிட்டாங்க. ஆதார் ஜெராக்ஸ் கூடக் கொடுத்தாச்சு. ஓ.டி.பி. சொல்ற நேரத்துலதான் மதினி எனக்கு போன் போட்டாங்க.

இப்ப கணக்கைப் பாருங்க. அத்தையோட கடைசிச் சம்பளம், பி.எஃப். கணக்குல காட்டினது, மாசம் 8,000 ரூபாய். நாலு வருஷ பென்ஷன் சர்வீஸை மொத்தமா எடுத்தா, நாலு மாசச் சம்பளத்துக்குக் கொஞ்சம் கூட வரும், சுமார் 33,000. நடுவுல இருந்த ஏழு வருஷமும் கிடைச்சு, அதையும் மொத்தமா எடுத்தா, அப்ப சம்பளம் 5,000ங்கிறதால ஒரு 37,000 சொச்சம். ரெண்டும் சேர்ந்து 70,000 பக்கம்.

எடுக்காம ரெண்டையும் கூட்டினா என்ன ஆகும்? 4 கூட்டல் 7, பதினோரு வருஷம். பென்ஷன் சூத்திரம் ரொம்ப சுலபம்: கடைசி 60 மாசத்து சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70-ஆல வகுக்கணும். 8,000 பெருக்கல் 11, வகுத்தல் 70. மாசம் 1,257 ரூபாய். வருஷத்துக்கு 15,000. அந்த 70,000-த்தை அஞ்சு வருஷத்துக்குள்ள பென்ஷன் தாண்டிடும். அதுக்கு மேல உயிரோட இருக்குற ஒவ்வொரு மாசமும் லாபம். அத்தைக்கு அப்புறம் மாமாவுக்கும் ஒரு பங்கு தொடரும். 58 முடிஞ்ச அடுத்த நாள்லேருந்துதான் பென்ஷன் கணக்கு ஆரம்பிக்குது, அதனால ரெண்டு வருஷ நிலுவையே 30,000 வந்துச்சு.

1,257 ரூபாய் ஒரு பெரிய தொகையான்னு நீங்க கேக்கலாம். சென்னையில அது ஒரு வார இறுதிச் சாப்பாட்டுச் செலவு. இந்தத் திட்டத்துல குறைந்தபட்ச பென்ஷன் 2014 செப்டம்பர்லேருந்து மாசம் 1,000 ரூபாய். அது போதாதுன்னு சங்கங்கள் போராடுறது நியாயம்தான். ஆனா எம். புதுப்பட்டியில அத்தைக்கு அது மாத்திரை, கேஸ் சிலிண்டர். யார் கிட்டயும் கை நீட்டாம அவங்க பேர்ல வர்ற பணம்.

ஏஜெண்ட் அந்த நாலு வருஷத்தை 10-சி படிவம் போட்டு எடுத்திருந்தா, மிச்சம் ஏழு. பத்தைத் தொடாது. பென்ஷன் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அவர் ஏமாத்துக்காரர்னு நான் சொல்லல. அவருக்குக் கூலி மொத்தத் தொகையில சதவீதமா வருது. மாசம் 1,257 ரூபாயில அவருக்கு என்ன கிடைக்கும்? அதனால அவர் கை தன்னால 10-சி படிவத்துக்குத்தான் போகும். பென்ஷன் வாங்குற 10-டி படிவத்துக்குப் போகாது.

நம்பரை எப்படித் தேடுறது

இங்கிலாந்துல பென்ஷன் டிரேசிங் சர்வீஸ்னு அரசாங்கமே இலவசமா நடத்துது. பழைய கம்பெனி பேரைச் சொன்னா, அந்த பென்ஷனுக்கு யாரைத் தொடர்பு கொள்ளணும்னு சொல்லிடுவாங்க. இங்க நாமதான் துப்பறியணும். நாங்க செஞ்ச வரிசையிலயே சொல்றேன்.

முதல்ல டிரங்குப் பெட்டி. பழைய சம்பளச் சீட்டு, போனஸ் சீட்டு, ஆபீஸ் அடையாள அட்டை, வருஷா வருஷம் கொடுத்த பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, எல்லாத்தையும் வெளிய எடுங்க. எதையும் கிழிஞ்சதுன்னு தூக்கிப் போடாதீங்க. பழைய பி.எஃப். நம்பர் 'டி.என்.'னு ஆரம்பிச்சு, நடுவுல சாய்வுக்கோடு போட்டு இருக்கும். இப்ப உள்ளது 22 இலக்கம்: அலுவலகத்தோட எழுத்து, கம்பெனியோட எண், கடைசியில தொழிலாளியோட எண்.

பி.எஃப். சீட்டு கிடைக்கலயா? அப்ப அதே ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவங்களைத் தேடுங்க. இதுதான் எங்களுக்குக் கை கொடுத்துச்சு. ஒரே கம்பெனியில எல்லாருக்கும் கம்பெனி எண் ஒண்ணுதான், கடைசி எண் மட்டும்தான் மாறும். அத்தையோட ஒரே வேன்ல போன ஒரு பெரியம்மா வீட்டுல சீட்டு இருந்துச்சு. அதுலேருந்து கம்பெனி எண் கிடைச்சது.

கம்பெனி பேரை மட்டும் நம்பித் தேடினா எங்க பக்கம் சிக்கல் வரும். லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்கும், ஆபீஸை நடத்துறது குத்தகைக்கு எடுத்த இன்னொருத்தர், சம்பளம் கொடுக்குறது காண்ட்ராக்டர், பட்டாசுப் பெட்டி மேல இருக்குற பேரு வேற. தொழிலாளிக்குத் தெரிஞ்சது போர்மேன் பேரும் வேன் டிரைவர் பேரும்தான். அதனால அந்தப் பேர்களையும் எழுதி வச்சுக்கங்க. ஈ.பி.எஃப்.ஓ. இணையதளத்துல நிறுவனத் தேடல்னு ஒரு பக்கம் இருக்கு. கம்பெனி பேரையோ எண்ணையோ போட்டா, எந்த மாசம் எவ்வளவு கட்டினாங்க, எத்தனை பேருக்குக் கட்டினாங்கன்னு பார்க்கலாம். லாகின் தேவையில்ல.

யு.ஏ.என்.ங்கிறது 2014-ல வந்தது. அதுக்கு முன்னாடி வேலையை விட்டவங்களோட நம்பர் யு.ஏ.என்.ல தெரியலன்னா, பணம் இல்லைன்னு அர்த்தமில்ல. யு.ஏ.என். இருந்து, போன் நம்பரும் இணைஞ்சிருந்தா 9966044425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க, இருப்பு விவரம் குறுஞ்செய்தியா வரும்.

இதுக்கு மேல அலுவலகத்துக்குப் போகணும். விருதுநகர் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்துக்குக் கீழ வருது. மதுரைக்குப் போக முடியலன்னா, ஒவ்வொரு மாசமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் ஈ.பி.எஃப்.ஓ. ஆட்களே வந்து முகாம் நடத்துறாங்க, 'நிதி ஆப்கே நிகட்'னு பேரு. அன்னைக்கு விடுமுறைன்னா அடுத்த வேலை நாள். ஆன்லைன்ல குறைதீர்ப்பு மனு போடலாம். பதில் வரலன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டிக் கேளுங்க, 30 நாளைக்குள்ள பதில் சொல்லணும். "இந்தக் கம்பெனி எண்ணுல, இந்தப் பேர்ல, இந்த வருஷத்துலேருந்து இந்த வருஷம் வரை உறுப்பினர் உண்டா, சேர்ந்த தேதி என்ன, விலகின தேதி என்ன"ன்னு நேரடியா கேளுங்க. "என் பணம் எங்கே"ன்னு கேட்டா வழவழா பதில்தான் வரும்.

பேருதான் பெரிய பூட்டு

நம்பர் கிடைச்சதும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கோம். அத்தை பேரு ஏழு வருஷப் பதிவுல தாத்தாவோட இனிஷியல்ல இருந்துச்சு. ஆதார்ல மாமாவோட இனிஷியல். பிறந்த தேதி வேற. விலகின தேதி போடவே இல்ல. எங்க ஊர்ப் பெண்கள் பதிவுகள்ல இது சாதாரணம்; கணக்கப்பிள்ளை காதுல விழுந்ததை எழுதியிருப்பார்.

இதைத் திருத்த தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுக்கணும். 2017 அக்டோபர் 1-க்கு அப்புறம் வாங்கின யு.ஏ.என்.னா நிறையத் திருத்தத்தை உறுப்பினரே ஆன்லைன்ல செஞ்சுக்கலாம். பழசுக்கு ஆபீஸ் கையெழுத்து வேணும். கம்பெனியே மூடிப்போச்சுன்னா விண்ணப்பத்துல கெசட்டட் அதிகாரி, கணக்கு வச்சிருக்குற வங்கி மேலாளர் மாதிரி ஆட்கள் கையெழுத்துப் போட வழி இருக்கு. எங்களுக்கு இந்தக் கட்டம் மட்டும் ஏழு மாசம் ஆச்சு. பஸ் செலவு, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது.

அந்த முதல் தீப்பெட்டி ஆபீஸ்? அதுக்கு ஒரு தடயமும் கிடைக்கல. சம்பளத்துல பிடிச்சாங்கன்னு அத்தை சொல்றாங்க, கட்டினதுக்குப் பதிவு இல்ல. இது வேற வகை நஷ்டம். நம்பர் தொலைஞ்சது வேற, கட்டாமலே விட்டது வேற. கட்டாம விட்டதை எந்த ஏஜெண்டாலயும் எடுத்துத் தர முடியாது. அதுக்கு ஈ.பி.எஃப்.ஓ.வுல புகார் கொடுத்து, அவங்க விசாரிச்சு முதலாளி கிட்ட வசூலிக்கணும். இப்ப வேலையில இருக்குறவங்க உடனே கேட்டாத்தான் இதுக்கு வழி. உருப்படிக் கூலியா இருந்தாலும், காண்ட்ராக்டர் மூலமா வந்தாலும் சட்டத்துக்கு அவங்க தொழிலாளிதான்.

அப்ப காசு கொடுக்கலாமா, கூடாதா

முதல் விஷயம், பி.எஃப். எடுக்கவோ பென்ஷன் வாங்கவோ ஈ.பி.எஃப்.ஓ. ஒரு பைசா கட்டணம் வாங்குறதில்ல. நீங்க யாருக்காவது கொடுக்குறது அவங்க நேரத்துக்கும் அலைச்சலுக்கும்தான். அது தப்பே இல்ல. கம்ப்யூட்டர் சென்டர்ல விண்ணப்பம் ஏத்துறதுக்கு ஒரு தொகை பேசிக் கொடுங்க, ரசீது வாங்குங்க. நீங்க பெங்களூர்ல இருக்கீங்க, அம்மாவைக் கூட்டிட்டு மதுரைக்குப் போக ஆள் இல்லன்னா, கூடப் போறவங்களுக்கு ஒரு நாள் கூலி கொடுக்குறது நியாயம்.

சதவீதம் பேசுறவங்க கிட்ட மூணு கேள்வி கேளுங்க. எந்தப் படிவம் போடப்போறீங்க? அம்மாவோட மொத்த சர்வீஸ் எத்தனை வருஷம்னு பார்த்தீங்களா? பழைய நம்பர் இருந்தா அதைக் கூட்டின பிறகு போடுவீங்களா? முதல் கேள்விக்கு 10-சின்னு பதில் வந்து, மத்த ரெண்டுக்கும் பதில் வரலன்னா அங்கயே நிறுத்திடுங்க. ஓ.டி.பி., பாஸ்வேர்டு, வெத்துத் தாள்ல கையெழுத்து, இதெல்லாம் யாருக்கும் கிடையாது, சொந்தக்காரங்களா இருந்தாலும்.

சிக்கல் நிஜமாவே பெருசா இருந்தா, அதாவது முதலாளி கையெழுத்துப் போட மறுக்குறார், வாரிசுத் தகராறு இருக்குன்னா, வக்கீல் தேவைப்படலாம். அதுக்கும் முன்னாடி ஒரு கதவு இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் எங்க மாவட்ட நீதிமன்றம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் ஏற்பாடு பண்ணும். 1987 சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமலே இந்த உதவி உண்டு. 15100-ங்கிற எண்ணுல கூப்பிடலாம். ஊர்ல தொழிற்சங்கம் இருந்தா அங்கயும் கேளுங்க. ஒரே ஆபீஸ்ல இருபது பேருக்கு இதே பிரச்சினை இருக்கும், இருபது பேரும் சேர்ந்து போட்ட மனுவுக்கு மரியாதையே வேற.

நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். எல்லா நம்பரையும் கூட்டியும் ஆறு வருஷம்தான் தேறுது, இனி வேலைக்குப் போறதா இல்லைன்னா, மொத்தமா எடுக்குறதுல தப்பில்ல. இன்னும் வேலைக்குப் போவாங்கன்னா, பணமா எடுக்காம அதே 10-சி படிவத்துலயே திட்டச் சான்றிதழ் கேளுங்க. அந்த வருஷங்கள் பத்திரமா இருக்கும், அடுத்த வேலையோட சேர்ந்துக்கும்.

சொல்ல மனசு வராத ஒரு விஷயம்

2023 அக்டோபர் 17-ல எங்க ஊர்ப் பக்கத்துல ரெங்கபாளையத்துல நடந்த வெடி விபத்துல பத்துப் பேருக்கு மேல இறந்தாங்க. அரசு அறிவிச்ச நிவாரணம் எல்லாருக்கும் தெரியும். ஆனா பி.எஃப்.ல சேர்ந்த ஒருத்தர் வேலையில இருக்கும்போது இறந்தா, ஒரு மாசம் பணம் கட்டியிருந்தாலே குடும்பத்துக்கு பென்ஷன் உரிமை வந்துடும். அதுக்கு 10 வருஷம் தேவையில்ல. இன்சூரன்ஸ் தனியா இருக்கு, அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை. எழவு வீட்டுல உக்காந்து யாரும் நம்பர் தேடமுடியாது. அதனால இன்னும் வேலைக்குப் போறவங்க வீட்டுலதான் இந்த நம்பர் முதல்ல எழுதி வச்சிருக்கணும், நாமினி பேரோட.

உங்களுக்கும் இதே கணக்குதான். மூணு ஐ.டி. கம்பெனி மாறியிருப்பீங்க. ரெண்டு யு.ஏ.என். இருக்கலாம், பழைய கம்பெனி விலகின தேதி போடாம விட்டிருக்கலாம். பைக் வாங்க அவசரத்துல 10-சி போட்டு நாலு வருஷத்தை வித்துடாதீங்க.

இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு போன் பண்ணும்போது மூணே விஷயம் கேளுங்க: எந்தெந்த ஆபீஸ், எந்த வருஷத்துலேருந்து எந்த வருஷம் வரை, கூட யார் வேலை பார்த்தாங்க. அவங்க சொல்லச் சொல்ல ஒரு நோட்டுல எழுதுங்க. வருஷம் சரியா ஞாபகம் இல்லன்னா, "அண்ணன் பத்தாவது படிச்சப்போ", "மதினி கல்யாணத்துக்கு முந்தின தீபாவளி"ன்னு சொல்வாங்க, அதையும் அப்படியே எழுதுங்க. எங்க தேடல் அந்த மாதிரி ஒரு பக்கத்துலேருந்துதான் ஆரம்பிச்சது.

கேள்வி இருந்தா அனுப்புங்க. யு.ஏ.என்., ஆதார் நம்பர் மட்டும் தயவுசெஞ்சு எனக்கு அனுப்பாதீங்க. அடுத்த எபிசோட்ல இ.எஸ்.ஐ. பத்திப் பேசலாம்.